லிப்டில் ஒட்டிய முதல் பக்கம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக நிற்கும் தொடர்மாடிகளில் பதினொன்றுக்கு சந்திரகுமார்தான் லிப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து நான்கு. கொட்டாஞ்சேனையில் மனைவி ரஜனியோடு இரண்டு அறை வீடொன்றில் குடியிருக்கிறார். ஹட்டன் பக்கத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து, ஒரு கம்பனியில் எண்ணெய்த் துணியோடு தொடங்கி மெக்கானிக்காக உயர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் பிள்ளைகளுக்காக மூன்று பாகங்களில் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது கம்பனியில் வெகுகாலம் யாருக்கும் தெரியாது.

கதை பிறந்த இடம், லிப்ட் ஏறி இறங்கும் அந்தச் செங்குத்துக் குழிதான். லிப்டின் கூரைமேல் நின்று கம்பிவடங்களைச் சோதிப்பது அவருடைய மாதாந்த வேலை. கடலோரக் கட்டடங்களில் எந்த மாடியிலாவது ஒரு கதவு திறந்தால் போதும், கீழிருந்து உச்சிவரை காற்று ஊளையிட்டபடி ஏறும். கட்டடத்துக்குக் கட்டடம் அந்தச் சத்தம் வேறு. ஒன்று சிணுங்கும், ஒன்று ஆளைக் கூப்பிடும், ஒன்று கிழவர் தொண்டையைச் செருமுவதுபோல் இருக்கும். ஒவ்வொரு மனிதருக்கும் சொந்தமாக ஒரு காற்று இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவர் அங்கே நின்றபடியே யோசித்தார். அன்று மாலை மட்டக்குளி பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. மடியில் தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியை வைத்து முதல் வரியை எழுதினார்.

அப்படித்தான் காற்றூர் உண்டானது. காற்றூரில் பதின்மூன்று வயதானதும் எல்லாப் பிள்ளைகளும் அரசாங்க அலுவலகமான கந்தோருக்குப் போய், வரிசையில் நின்று, தங்கள் காற்றைப் பதிந்துகொள்ள வேண்டும். மிதுனி என்ற பெண்ணின் முறை வருகிறது. அவள் கையை நீட்டுகிறாள். மேசைமேல் கிடக்கும் ஒரு காகிதம்கூட அசையவில்லை. அதிகாரி நிமிர்ந்தும் பார்க்காமல் 'காற்றில்லை' என்று முத்திரை குத்திவிடுகிறார். தன் காற்றைத் தேடி மிதுனி ஊரை விட்டுப் புறப்படுவதுதான் முதல் பாகம்.

அதை எழுதி முடிக்க மூன்று வருடம் பிடித்தது. ரஜனி ஒரு பாடசாலை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவர். கணவரின் கோழிக்கிறுக்கலைப் படித்துக் கணினியில் ஏற்றியது அவர்தான். தட்டச்சும்போதே சண்டையும் பிடிப்பார். "இந்த எடத்துல ரொம்ப விவரிக்கிறீங்க. எனக்கே கொட்டாவி வருது" என்பார். சந்திரகுமார் முகம் சுருங்கிப்போய் அந்த இடத்தை வெட்டுவார். மறுநாள் பார்த்தால் ரஜனி சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

'காற்றில்லாதவள்' என்று பெயர் வைத்து, கொட்டாஞ்சேனையிலேயே ஓர் அச்சகத்தில் முந்நூறு பிரதி அடித்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வெளியீடு வைத்தார்கள். குத்துவிளக்கு, மாலை, ஐந்து பேச்சாளர்கள். அவர்களில் நால்வர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் படித்திருந்தார். நம்முடைய பிள்ளைகளுக்கு இருக்கிற கஷ்டத்தில் மாயக்காற்று எதற்கு என்று அரை மணி நேரம் கேட்டார். சந்திரகுமார் மேடையில் கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதிலுரைக்கு அழைத்தபோது நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பஸ்ஸில் திரும்பும்போது ரஜனி சொன்னார்: "நீங்க எழுதுனது புள்ளைங்களுக்கு. அந்த மண்டபத்துல ஒரு புள்ள இருந்துச்சா? முன் வரிசை பூரா நரைச்ச தலைதானே."

"புள்ளைங்களை எங்க போய்த் தேடுறது?" என்றார் சந்திரகுமார்.

காலி வீதிப் புத்தகக் கடையொன்று பத்துப் பிரதியை வாங்கி, கடந்தகாலப் பரீட்சை வினாத்தாள் கட்டுகளுக்குக் கீழே வைத்தது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தார். பத்தும் அங்கேயே இருந்தன. மேலே தூசி மட்டும் புதிது. மீதிப் பிரதிகள் பெட்டி பெட்டியாக வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவர் யாரிடமும் குறைப்படவில்லை. இரண்டாம் பாகத்துக்கென்று வாங்கிய கொப்பியை மட்டும் எடுத்து அலுமாரிமேல் வைத்துவிட்டார்.

சில மாதங்கள் அப்படியே போயின. பிறகு, ஒன்பது மாடிக் கட்டடமொன்றில் சர்விஸ் முடித்துக் கீழே இறங்கும்போது, லிப்டுக்குள் ஒரு பாடசாலைப் பிள்ளை நிற்பதைக் கண்டார். சுவரில் கண்ணாடிச் சட்டம். அதற்குள் தண்ணீர்த் தொட்டி கழுவும் திகதி பற்றிய பழைய அறிவித்தல். அந்தப் பிள்ளை அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். பார்க்க அங்கே வேறொன்றும் இல்லை. சந்திரகுமார் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் பையில் புத்தகத்தின் முதல் பக்கம், பெரிய எழுத்தில் அச்செடுத்தது, பல பிரதிகள் இருந்தன. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயம். தொட்டி கழுவும் அறிவித்தல் எப்படியும் காலாவதியானதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முதலில் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்து லிப்டில் ஒன்றை மாட்டி, என்ன நடக்கிறது பார்ப்போம் என்று மற்றவற்றைப் பையிலேயே வைத்துக்கொண்டார். பெயரைப் போடவில்லை. 'காற்றூர், முதல் பக்கம்' என்று மட்டும் இருந்தது.

பத்தாம் நாள் கம்பனிக்கு முறைப்பாடு வந்தது. அதே கட்டடம். லிப்ட் தானாக மேலும் கீழும் போகிறது, கீழே காய்கறிப் பையோடு ஆட்கள் காத்து நிற்கிறார்கள், உடனே ஆளை அனுப்புங்கள் என்று முகாமைக் குழுவின் செயலாளர் நவரட்ணம் சத்தம் போட்டிருந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அவர். கட்டட விதிகளில் ஒன்றுகூட மீறப்படாமல் பார்ப்பவர்.

சந்திரகுமார் உச்சியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சோதித்தார். பழுது ஒன்றும் இல்லை. ஆனால் லிப்ட் எத்தனை தடவை புறப்பட்டது என்று காட்டும் எண்ணி வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஓடியிருந்தது. குழம்பிப்போய் ஒன்பதாம் மாடிக்கு வந்து பொத்தானை அழுத்தினார். லிப்ட் வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஆறு பிள்ளைகள். ஒருவரும் இறங்கவில்லை.

"அங்கிள், ஏறுறீங்களா? நாங்க எறங்க மாட்டோம்" என்றாள் நடுவில் நின்றவள். அன்று தொட்டி அறிவித்தலை வாசித்த அதே பிள்ளை.

அவர் ஏறினார். கதவு மூடியதும் அவள் விட்ட இடத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். ஒன்பதிலிருந்து தரைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு பக்கம் வாசித்து முடிக்க மூன்று தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதற்குள் யாராவது புதிதாக ஏறினால், அவருக்காக மறுபடியும் முதலிலிருந்து. மிதுனி கையை நீட்டும் இடம் வந்தபோது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'காற்றில்லை' என்று முத்திரை விழுந்ததும் ஒரு பையன் அந்த அதிகாரியைச் சிங்களத்தில் திட்டினான். சந்திரகுமார் மூலையில் கருவிப்பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். தான் எழுதிய வரிகளை இன்னொருவர் வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். எழுதியது நான்தான் என்று சொல்லவும் தோன்றவில்லை. அவர்களோடு ஒருமுறை மேலே போய்த் திரும்பவும் இறங்கினார்.

கீழே நவரட்ணம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்ன பிழை எண்டு கண்டுபிடிச்சீரோ தம்பி?"

"லிப்டுல பிழை இல்லீங்க ஐயா. என்கிட்டதான்."

எல்லாவற்றையும் சொன்னார். நவரட்ணம் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு லிப்டுக்குள் போய், சட்டத்தைத் திறந்து, பக்கத்தை உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"லிப்ட் ஆக்கள் ஏறி இறங்கிறதுக்கு. வாசிகசாலை இல்லை. நான் உம்மட கொம்பனியோட கதைக்கத்தான் வேணும்."

அடுத்த மூன்று நாளும் சந்திரகுமார் கம்பனியின் அழைப்பை எதிர்பார்த்தபடியே வேலைக்குப் போனார். இருபது வருடத்துக்கு மேற்பட்ட வேலை போய்விடும் என்ற பயம். ரஜனி ஒன்றும் திட்டவில்லை. "ஒட்டுறதுக்கு முன்னாடி என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். நான்காம் நாள் மேற்பார்வையாளர் கிளின்ரன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சந்திரா, வெள்ளவத்தை செக்ரட்டரி கோல் எடுத்தவர்."

"தெரியும் சேர்."

"நீ கதை எழுதுறனீ எண்டு எனக்கு ஏன் சொல்லேல்ல?" கிளின்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த மனுசன்ட வீட்டு பெல்லை பிள்ளையள் ஓயாம அடிக்குதுகளாம். ரெண்டாவது பக்கம் எங்க எண்டு. அவருக்கும் அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு தெரியோணுமாம். போயா அண்டைக்குப் புத்தகத்தோட வரட்டாம். இனிமே லிப்டுக்குள்ள ஒண்டும் ஒட்டாதே, விளங்கிச்சா?"

"விளங்கிச்சு சேர்."

"எனக்கும் ஒரு புத்தகம் கொண்டு வா. மகளுக்கு."

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில், கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். இருபத்தேழு பிள்ளைகள். பின்னால் தாய்மார் சிலர். சந்திரகுமாருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனவே லிப்ட் குழிக்குள் காற்று எப்படிக் கத்தும் என்று வாயால் ஊளையிட்டுக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு இரண்டு அத்தியாயம் வாசித்தார். அன்றே பலர் புத்தகம் வாங்கிப் போனார்கள்; அதை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்க அடுத்த போயாவிலும் வரச் சொன்னார்கள்.

இரண்டாவது தடவை போனபோதுதான் அது நடந்தது. லிப்டில் வாசித்த பிள்ளையின் பெயர் றிப்னா. ஏழாம் மாடி, பதினான்கு வயது. அவள் புத்தகம் முழுக்கக் காகிதத் துண்டுகள் செருகியிருந்தாள்.

"அங்கிள், காற்றூர்ல ஏழு வகைக் காத்துண்டு முன்னுக்கு சொல்லியிருக்கீங்க. நான் எண்ணிப் பாத்தேன். கடைசி வரைக்கும் ஆறுதான் ஈக்கி."

"றிப்னா!" என்று பின்னாலிருந்து அவளுடைய உம்மா லுத்பியா அதட்டினார்.

சந்திரகுமார் விரல் விட்டு எண்ணினார். வடக்கு, தெற்கு, கடல், மலை, மழை, புழுதி. மறுபடியும் எண்ணினார். ஆறுதான். அவர் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"நீ சொல்றது சரிம்மா. ஒண்ண விட்டுட்டேன். இத்தனை பேர் வாசிச்சும் யாரும் காணல."

"அப்ப அந்த ஏழாவது எங்க?"

"தெரியல. தேடணும்."

வீட்டுக்கு வந்ததும் ரஜனியிடம் சொன்னார். ரஜனி நம்பாமல் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு தடவை டைப் பண்ணுனேனே, எனக்கே தெரியலையே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடையில் ஐந்து பேர் பேசியபோது வராத சந்தோஷம் அந்த ஒரு பிழையால் வந்தது. தன் எழுத்தை ஒருத்தி அவ்வளவு கவனமாக வாசித்திருக்கிறாள் என்பதை நினைக்க நினைக்க அவருக்கு இனித்தது. அலுமாரிமேல் கிடந்த கொப்பியை இறக்கினார். யாரும் பதியாமல், யாரும் எண்ணாமல் விட்ட ஏழாவது காற்றைத் தேடுவதுதான் இரண்டாம் பாகமாக வளர்ந்தது.

லுத்பியா கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்தார் கேட்டார்கள். இப்போது சந்திரகுமார் முறையாக அனுமதி வாங்கி, கீழ்க்கூடத்து அறிவித்தல் பலகைகளில் மாதம் ஒரு பக்கம் மாட்டுகிறார். எல்லோரும் சம்மதிக்கவில்லை. ஒரு கட்டடத்தில், பரீட்சைக்காலத்தில் பிள்ளைகளின் மனதைக் கெடுக்காதீர்கள் என்று கையோடு திருப்பிவிட்டார்கள். பரவாயில்லை என்று வந்துவிட்டார். பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை நூலகத்தார் தாங்களாகவே அழைத்துப் பத்துப் பிரதி வாங்கினார்கள். வருட முடிவில் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள் காலியாகின. ரஜனி அந்த இடத்தைக் கூட்டி, தன் தையல் மெஷினைத் தள்ளி வைத்தார்.

இரண்டாம் பாகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் றிப்னாவும் நண்பர்களுமாக ஆறு பேர் வாசித்தார்கள். பென்சிலால் ஓரங்களில் எழுதிக் கொடுத்தார்கள். 'இது பொய்', 'இந்த இடம் சூப்பர்', 'மிதுனி இப்படிக் கதைக்க மாட்டாள்.' கடைசிக் குறிப்பைப் பார்த்து அவர் ஒரு முழு அத்தியாயத்தையே மாற்றினார். வெளியீடும் அந்தக் கீழ்க்கூடத்திலேயே நடந்தது. பேச்சாளர்கள் இல்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிள்ளைகளே வாசித்தார்கள். நவரட்ணம் வடையும் நெஸ்கபேயும் ஏற்பாடு செய்து, கதிரைகளைத் தன் கையாலேயே நேர் வரிசையில் போட்டார்.

இப்போது மூன்றாம் பாகம் நடக்கிறது. ஞாயிறு காலைகளில் அவர் சமையலறை மேசையில் எழுதுவார். ரஜனி பக்கத்தில் இருந்து தட்டச்சுவார். போன வாரம் மிதுனியின் சிநேகிதன் புழுதிக்காற்றில் அகப்பட்டுச் செத்துப்போகும் பக்கத்தை எழுதிக் கொடுத்தார். ரஜனி வாசித்தார். கணினியை மூடினார்.

"இதை நான் டைப் பண்ண மாட்டேன்."

"கதைக்கு வேணும் ரஜனி."

"வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க. அந்தப் பையன் என்ன பாவம் செஞ்சான்?"

அவர் அந்தத் தாளைத் தன் பக்கமாகத் திருப்பினார். பேனாவின் மூடியைக் கழற்றி, அந்தப் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். ரஜனி எழுந்து தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.