மயில் கழுத்துக் கிளி

எங்கள் தெருவில் தறிக்காரர்கள் எல்லாரும் நிறத்துக்கு நீதிபதிகள். அவர்களில் தலைமை நீதிபதி என் வீட்டுக்காரர். வானத்தைப் பார்த்தால்கூட "நீலச் சாயம் ஒரு முக்கு கம்மியா இருக்குது" என்பார்.

என் அம்மா விட்டுப்போன நகை ஒன்றே ஒன்று. தங்க டாலர், நடுவில் எனாமல் வைத்த ஒரு பச்சைக் கிளி. அம்மா அடுப்படியில்கூட அதைக் கழற்றாததால் இறக்கையில் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. போன வருஷம் திருப்புட்குழியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்குள் நகை செய்யும் பத்தரிடம் இறக்கையில் மட்டும் பச்சை வைத்து வாங்கி வாருங்கள் என்று இவரிடம் கொடுத்தனுப்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

போன இடத்தில் இவருக்கு ஞானோதயம். கல்யாணத்துக்கு நான் கட்டப்போவது இவர் நெய்த மயில் கழுத்து நிறப் புடவை. நீளவாட்டில் ஓடும் நீலப் பாவு நூலில் குறுக்கே பச்சை ஊடை நூல் ஓட்டினால் வரும் நிறம் அது. கிளியும் அதே நிறத்தில் இருந்தால் என்ன? பழைய பச்சையை முழுக்கச் சுரண்டிவிட்டு, நீலப் பொடியையும் பச்சைப் பொடியையும் சரிபாதி கலந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பத்தர் பிறகு என்னிடம் அழாத குறையாகச் சொன்னது.

"அண்ணே, இது நூல் இல்ல, கண்ணாடிப் பொடி. உலையில வச்சா உருகும். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது, புள்ளி புள்ளியா நிக்கும்."

"முப்பது வருஷமா கலர் சேத்துக்கினு இருக்கேன். எனக்கே சொல்றியா? வைப்பா!"

வைத்தார். கிளி சொறி பிடித்த ஓணான் மாதிரி வந்து சேர்ந்தது. "வெயில்ல திருப்பிப் பாரு, மயில் கழுத்து தெரியுது" என்று இவர் அதைச் சன்னல் பக்கம் நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓணான்தான் தெரிந்தது.

பத்தரிடம் ஓடினேன். தகடு பழசு, இன்னொரு தடவை சுரண்டினால் கிழிந்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அன்று முழுக்க அழுதேன். அம்மாவையே சுரண்டிப் போட்டதுபோல் இருந்தது. இவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வருமா? "பத்தரு உலை சரியில்ல" என்பதோடு சரி.

கல்யாணத்தில் டாலரைப் பார்த்த சொந்தக்காரிகளிடமெல்லாம் இவரே முந்திக்கொண்டு "புது மாடல்" என்று அளந்தார். அவர்களும் தலையாட்டினார்கள். பந்தியில் அண்ணன் குனிந்து எனக்குச் சாம்பார் ஊற்றும்போதுதான் பார்த்தார்.

"என்னம்மா, அம்மா கிளி எங்க?"

 இவர் வாயிலிருந்து "புது மாடல்" வரும் என்று காத்திருந்தேன். பக்கத்து இலையில் இவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"நான்தான் கெடுத்துட்டேன் மச்சான். அவ சொன்னத செய்யாம என் இஷ்டத்துக்கு செஞ்சிட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அந்த டாலரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் அன்றைக்குப் பாயசக்காரரைக் கூப்பிட்டு, இவர் இலையில் இரண்டாவது தடவை ஊற்றச் சொன்னது நான்தான்.