ஹாஜரா பீவிக்கு முப்பது நாள்

1931ஆம் வருஷம் ஆடி மாதம் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டிய கொட்டில், எண்ணெய் விற்ற ஹாஜரா பீவி ஒரு நாளும் மத்தியானச் சோற்றை மத்தியானத்தில் சாப்பிடவில்லை. தலையில் நல்லெண்ணெய் வைக்காமல் அருவிக்குள் போகிறவர்கள் குறைவு. பேரருவிக்குப் போகிற கூட்டத்தில் பாதி அவள் கடையில் நின்றுதான் போகும். கடை என்றால் தட்டி மறைத்த நாலு முழ இடம், இரண்டு செப்புக் குடம், மூன்று உழக்கு. அவ்வளவுதான்.

ஒரு நாள் சரிகை வேட்டிக்காரர் ஒருவர் உச்சந்தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"நல்ல கூட்டம். ஒரு நாளைக்கு என்னம்மா நிக்கும்?"

"செலவெல்லாம் போவ நாலு ரூபா. அதுக்குக் கொறஞ்சா குடத்தக் கவுத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

"யார் கடை இது?"

"என் கடைதான். தென்காசி ஹாஜரா பீவின்னு கேளுங்க, ஐந்தருவி வரைக்கும் தெரியும்."

அவள் சொன்னது பொய் இல்லை. குற்றாலத்து வியாபாரிகள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்றும்தான் அவர்களுக்கு வருஷம். சாரல் இல்லாத மாதங்களை அங்கே யாரும் வியாபாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளூர்க்காரன் இதைக் கேட்காமலே புரிந்துகொள்வான். எண்ணெய் வாங்கியவர் வெளியூர்க்காரர், வருமானவரி அதிகாரி.

அதுவரை வருஷம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே சம்பாதித்தவர்களை வரி தொடவில்லை. அந்த வருஷக் கடைசியில் சர்க்கார் அதை ஆயிரமாக இறக்கியது. அடுத்த மே 16ஆம் தேதி ஹாஜரா பீவி பெயருக்கு நோட்டீஸ் வந்தது. தபால்காரரிடம் அதை வாங்கியவன் கொழுந்தன் முகம்மது மீரான். அவளிடம் கொண்டுவந்தது ஜூன் 6ஆம் தேதி.

மீரானின் தறிகள் இரண்டும் ஆறு மாதமாகப் படுத்திருந்தன. அண்ணன் இறந்த இந்த நாலு வருஷத்தில் அவனுக்கு எண்ணெய்க் கடைமேல் ஒரு கண்.

"பொம்பள சர்க்கார் கச்சேரி வாசல்ல போய் நிக்க முடியுமா மைனி? கடை என்னோடதுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருதேன். வரியும் என் தலையோட போவும்."

"உம்ம கையில குடுத்து இருவத்தொரு நாளாச்சுன்னு தபால்காரரு இப்பதான் சொன்னாரு. எங்கன வச்சிருந்தீரு இத?"

"பெட்டில கெடந்துச்சு, மறந்துட்டேன்."

"நல்லா மறந்தீரு" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அவள் கோர்ட்டு வாசலுக்கு நடந்தாள். அங்கே மனு எழுதிப் பிழைத்த பேச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"முப்பது நாள் கெடு தங்கச்சி. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. ஃபாரம் எழுதிக் குடுக்கலேன்னா அதிகாரி அவருக்குத் தோணுனதப் போட்டுருவாரு. பொறவு அப்பீலே கெடையாது. ஆமா, போன சாரல்ல கடைக்கு வந்து யாரும் வருமானம் கேட்டாங்களா, நீ என்ன சொன்ன?"

சொன்னாள். பேச்சிமுத்து தலையில் கை வைத்தார்.

"நாலையா? முன்னூத்தறுவத்தஞ்சால பெருக்கிருப்பாரே! ஆயிரத்து நானூத்தறுவது ஆச்சு. ரூபாய்க்கு நாலு தம்பிடி வரி. முப்பது ரூபா ஆறணா எட்டுத் தம்பிடி."

"பங்குனில அருவி காஞ்சு கெடக்கும். அங்கன யாருக்கு அண்ணாச்சி எண்ணெ விப்பேன்? கொரங்குக்கா?"

"கொரங்கு காசு குடுத்தாலும் ஃபாரத்துல காட்டணும். சரி, மீரான் பேர்லயே போவட்டுமே. அவன் கெடந்து அலையுதான், உனக்குச் சோலி முடிஞ்சுது."

"சோலி முடியாது, கடை முடிஞ்சுரும். இடத்துச் சீட்ட இன்னும் வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரரு பேர்லதான் எழுதுதாங்க. கடை கொழுந்தனோடதுன்னு சர்க்கார் காகிதத்துல ஏறுச்சுன்னா, ஆனில இடத்தையும் அவருக்கே குடுத்துருவாங்க. எழுதுங்க, என் பேர்ல எழுதுங்க."

சாரல் நூறு நாள், நாலு வீதம் நானூறு. மற்ற ஒன்பது மாதம் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்த கூலி ஐம்பத்து நாலு. அதைச் சேர்க்க வேண்டாமே என்றார் பேச்சிமுத்து. சேர்க்கச் சொன்னாள். ரேகை வைக்க அவர் மசி எடுத்தபோது அவர் கையைத் தட்டிவிட்டு, அரபு எழுத்துத் தமிழில் தன் பெயரை எழுதினாள்.

ஜூன் 14. அதிகாரி தென்காசியில் முகாம் போட்டிருந்தார். வாசலில் நாற்பது ஐம்பது வியாபாரிகள், எல்லாரும் ஆண்கள். முண்டியடித்து உள்ளே போனபோது மீரான் அவளுக்கு முன்பே மேஜைப் பக்கம் நின்றான்.

"கடைக்காரன் நான்தான் ஐயா. இவ என் மைனி, விவரம் தெரியாது."

அதிகாரி இருவரையும் பார்த்தார். ஹாஜரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, போன ஆடில எண்ணெ யாருகிட்ட வாங்குனீங்க? இவருகிட்டயா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கும் அந்த முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மீரானை வெளியே போகச் சொன்னார்.

"நாளுக்கு நாலு ரூபாய் என்று நீதானே சொன்னாய்?"

"அது சாரல் நாளைக்கு. பங்குனில வந்து கேட்டிருந்தா உங்க கிட்டயே நாலணா கடன் கேட்டிருப்பேன்." புருஷன் பெயரிலிருந்த இடத்துச் சீட்டை மேஜையில் வைத்தாள். மூன்று மாதக் குத்தகை, தேதி போட்டு, முத்திரையோடு இருந்தது.

அதிகாரி அதைப் படித்தார், ஃபாரத்தைப் படித்தார், கூட்டினார். "நானூற்று ஐம்பத்து நாலு. ஆயிரத்துக்குக் கீழே. வரி இல்லை, போகலாம்."

அவள் போகவில்லை.

"எழுதிக் குடுங்க."

"வரியே இல்லை. எழுத என்ன இருக்கிறது?"

"வரி கேக்கதுக்கு என் பேரப் போட்டு எழுதுனீங்கள்ல? இல்லேங்கதையும் அப்படியே எழுதுங்க. எண்ணெக் கடை சொந்தக்காரின்னு போடுங்க."

"வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் பார்த்தாயா?"

"நிக்கட்டும். நானும் நிக்கேன்."

வாசலில் கூச்சல் ஏறியது. சேவகன் இரண்டு முறை எட்டிப் பார்த்தான். கடைசியில் அதிகாரி பேனாவை மைக்கூட்டில் குத்தி நாலு வரி எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். மறுநாள் காலை குற்றாலத்தில் இடம் ஒதுக்கினார்கள். மீரானும் வந்திருந்தான். குமாஸ்தா அந்த நாலு வரியைப் படித்துவிட்டு அவள் பெயரில் சீட்டு எழுதினார்.

1936இல் வரம்பு மறுபடி இரண்டாயிரத்துக்கு ஏறியது. ஹாஜரா பீவிக்கு அதன்பின் நோட்டீஸ் வரவில்லை. ஆனாலும் அவள் வருஷம் தவறாமல் மே மாதம் ஃபாரம் எழுதி அனுப்பினாள். தேவையில்லை, அனுப்ப வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து பதில் வரும். உறையின் மேல், எண்ணெய்க் கடைச் சொந்தக்காரி ஹாஜரா பீவி, குற்றாலம் என்று எழுதியிருப்பார்கள்.