ஒரு மணிக் கட்டம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் கண்ணால் பார்த்தது இது. ராத்திரி இல்லை. குடிக்கவும் இல்லை. 2013 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில்.

என் பெயர் கோதண்டம். மூன்றாவது வரை படித்தவன். ஒரகடத்துக்குப் பின்னால் மருந்துச் சரக்கு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தேன். அங்கே பிளாஸ்டிக் சவ்வு ஒன்று உண்டு. அதில் பல்லேடியம் என்ற உலோகம், கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒட்டியிருக்கும். சரக்கை அதன் வழியே ஓடவிட்டால் போதும், கழிவே கிடையாது என்பார்கள். பழைய சவ்வுகளை ஒன்பது தட்டுகளில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஞாயிறு ஆள் இருக்காது. மணிக்கு ஒரு தடவை நான் தண்ணீர் ஊற்றி, சுவரில் தொங்கும் தாளில் அந்த மணிக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் கண்ணப்பனைக் கேட்டேன்.

"காஞ்சா இன்னா சார் ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது பெரியவரே. எல்லாம் கிரீன் டெக்னாலஜி."

"அப்போ எதுக்கு ஊத்தணும்?"

அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அன்றைக்கே அந்த ஆளை நம்புவதை விட்டேன்.

12.00. ஊற்றினேன். கையெழுத்துப் போட்டேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

12.40. உள்ளே மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம். சளக்... சளக்...

திறந்தேன். சத்தம் நின்றது.

குழாயடியிலிருந்து ஈரக் கால் தடம். ஒன்பதாம் தட்டு வரை போனது. திரும்பி வரவில்லை. இடது காலில் கட்டைவிரல் இல்லை.

ஒன்பதாம் தட்டின் அடியில் விரிசல். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

மட்டம் மட்டும் குறையவில்லை.

1.00. ஊற்றப் போனேன். எல்லாத் தட்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. என் காதுக்குப் பின்னால்... சளக்.

"எவன்டா அது?"

சளக்.

"ஊத்து. நானும் இங்கியேதான் நிப்பேன்."

நின்றேன். ஒன்பதாம் தட்டுச் சவ்வை எடுத்து எட்டாம் தட்டில் போட்டேன்.

சத்தம் நின்றது. 1.20.

இரண்டு மணிக்குக் கண்ணப்பன் வந்து தாளைப் பார்த்தார்.

"ஒரு மணிக்கு ஏன் சைன் போடல?"

"நான் ஊத்தல சார்."

"பின்ன பேயா ஊத்திச்சி?"

"தடம் கீது, பாரு. கட்டவிரல் இல்லாத காலு."

அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பேனாவை நீட்டினார்.

"போடுய்யா. போடலன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"வரல. நான் ஊத்தாததுக்கு நான் போட மாட்டேன்."

வேலை போயிற்று. போகட்டும்.

பதினோரு நாள் கழித்து, பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் நம்பிராஜன் என்ற திருநெல்வேலிப் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்க அண்ணன் இசக்கிதான் உங்களுக்கு முன்ன அங்க வாட்ச்மேன். இடது கால்ல கட்டவிரல் கெடையாது. போன வருசம் ஒம்பதாம் தட்டு ஒழுகி, சவ்வு காஞ்சு தீப்பிடிச்சிட்டு. அண்ணன் அதுலயே போயிட்டான். மதியம் பன்னெண்டு நாப்பது."

"கம்பெனி இன்னா சொல்லிச்சி?"

"தண்ணியெல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சுன்னு ஒரு தாளக் காட்டுனாவ. அதுல ஒரு மணிக் கட்டத்துல, அண்ணன் கையெழுத்து இருந்துச்சு பெரியவரே."

என் தாளில் அந்தக் கட்டம் காலி. அது காலியாகவே கிடக்கும்.