நாற்பத்து மூன்று பல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு மெதுவா சார் என்று பெயர் விழுந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் அவர், பையன்கள் மண்மேடுகளில் தாவி ஓட்டும் குட்டையான பிஎம்எக்ஸ் சைக்கிள் ஒன்று வாங்கினார். யாருக்கோ பரிசு கொடுக்கப் போகிறார் என்று மனைவி நினைத்தாள். முழங்கால் தாடையை இடிக்க அவரே தெருவைச் சுற்றி வந்ததைப் பார்த்த பிறகு, இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று விசாரித்தாள்.

மண்மேடுகள் நிறைந்த பந்தயத் தடத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பிரிவு உண்டு. மொத்தமே நான்கு பேர். முதல் பந்தயத்தில் மெதுவா சார் நான்காவதாக வந்தார். பழி முழுக்க மிதிக்கட்டையோடு சுற்றும் பல்சக்கரத்தின் தலையில் விழுந்தது. அதில் நாற்பத்து நான்கு பல், பின்னால் பதினாறு. முன்னால் நாற்பத்தெட்டு போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் கச்சிதமாக மூன்று சுற்று. கணக்கு அவ்வளவுதானே!

சைக்கிள் கடை வைத்திருந்த மச்சினன் தயங்கினான். "ஓட ஆரம்பிச்சப்புறம்தான் அது வேகம் மாமா. முதல்ல கிளம்பணுமே."

மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கிலியில் இரண்டு கண்ணி சேர்த்து மாட்டிக் கொடுத்தான்.

அடுத்த பந்தயத்தில் தொடக்கக் கோட்டின் தடுப்புப் பலகை விழுந்ததும் மூன்று பேர் பறந்தார்கள். மெதுவா சார் மிதிமேல் ஏறி நின்று தம் கட்டி அழுத்தினார். சைக்கிள் சற்று யோசித்துவிட்டுப் புறப்பட்டது. முதல் மேட்டில் பாதிவரை ஏறி, வந்த வழியே பின்பக்கமாக இறங்கியது.

ரோஷத்தில் முப்பத்தாறு பல்லுக்கு மாறினார். பயிற்சி ஓட்டத்தில் கால்கள் தையல் மெஷின் ஊசிபோல அடித்தன, சைக்கிளோ ஆடி அசைந்து போனது. அதே வேகத்தில் தண்ணீர் இறைத்திருந்தால் மாடித் தொட்டி நிரம்பியிருக்கும் என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலை, அவரிடம் கார் பழக வந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா காரை மூன்றாவது கியரில் கிளப்பப் பார்த்தார். வண்டி உதறி அணைந்தது.

"நிக்கற வண்டிய மூணாவது கியர்ல எடுத்தா எப்படிம்மா நகரும்? அதுக்காக முதல் கியர்லயே ஓட்டினா இன்ஜின் கத்தும், வண்டி போகாது" என்று சொன்னவர், அப்படியே வாயடைத்துப் போனார். நர்ஸம்மா பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். மெதுவா சார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"வாங்கினப்போ எத்தனை பல்லு இருந்துச்சு?"

"நாப்பத்தி நாலு."

"அதுக்கு என்ன கொறச்சல்?"



சாயங்காலம் மெதுவா சார் மச்சினன் கடைக்குப் போனார். பழைய சக்கரத்தையே திரும்பக் கேட்க நாக்கு எழவில்லை. நாற்பத்து மூன்று கேட்டார். மச்சினன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, இதைத்தான் தானும் சொல்ல நினைத்ததாகச் சொன்னான். அந்த ஒரு பல் முழுக்க மானத்துக்காக.

மூன்றாவது பந்தயத்தில் அவர் மூன்றாவதாக வந்தார். கடைசியாக வந்த பல் டாக்டரை ஓரமாக நிறுத்தி, சக்கரத்தில் எத்தனை பல் வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினார். மனைவி காரிலிருந்து நான்கு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.