மண்ணால் அடைத்த விளக்கு மாடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன் என்பது ஒரு காரணம். சாமி விஷயமாச்சே, யாராவது வாதத்துக்கு இழுப்பார்களோ என்ற பயம் இன்னொன்று. இப்போது எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கை இடிக்கிறார்கள். இனியும் சொல்லாவிட்டால் சுவரோடு போய்விடும். முருகா, நீயே துணை.

முதல் நாள்

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் பராமரிப்பில் கொத்தனாராக நான் சேர்ந்த நாளில், கோவிந்தன் மேஸ்திரி என்னை ஒரு குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப்போனார். அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பின்னால் பலாமரம், முன்னால் வேலியும் இரும்பு கேட்டும். ஒன்பது இஞ்ச் சுவர். மைன்ஸ் வேலைக்காக எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ வந்த குடும்பங்கள். யார் வருவார்கள், எந்தச் சாமியோடு வருவார்கள் என்று தெரியாததால்தானோ என்னவோ, பிளானில் பூஜைக்கென்று ஓர் இடம் வரையவில்லை.

ஆகவே குடிவந்த பெண்கள் ஹாலின் கிழக்குச் சுவரில் அரைக்கல் ஆழத்துக்கு, அதாவது சுவரில் பாதிக்கு, ஒரு மாடம் வெட்டச் சொல்வார்கள். காலி செய்யும்போது சுவர் பழையபடி இருக்க வேண்டும் என்பது விதி. வெட்டுவதும் நாங்கள்தான், அடைப்பதும் நாங்கள்தான்.

அன்று அடைக்க வேண்டியது தங்கம் அம்மாவின் மாடம். அவர் கணவருக்கு ரிட்டயர்மென்ட். சங்கரன்கோயில் பக்கம் சொந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. அந்த அம்மா மட்டும் மாடத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

"எம்மா, நவுருங்க. ஆபீசர் பார்க்க வந்துருவாரு" என்றார் மேஸ்திரி.

"நவுந்துருவேன். எம் மவன் செல்வத்துக்கு யாரு விளக்கேத்துவா?"

வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகையில் ஏற்றி, திரும்பி வந்ததும் அமர்த்துவது அந்த அம்மாவின் வழக்கம். மகனும் மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்த பிறகு அவனுக்கும் அப்படியே. பெற்றவர்கள் ஊருக்குப் போவதால் அவன் மந்தாரக்குப்பத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்திருந்தான்.

"ஊர்ல போய் ஏத்துங்களேன்" என்றேன்.

"அங்கன ஏத்துனா இங்கன சுரங்கத்துக்குத் தெரியுமாய்யா?"

அந்த நேரத்தில்தான் அடுத்துக் குடிவரப்போகிற ஸ்டெல்லா என்ற பெண் வீட்டைப் பார்க்க வந்தார். நாகர்கோவில்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மாடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரும் மைன்ஸ்தான்க்கா. நான் மாதா படம் வச்சு மெழுகுவத்தி ஏத்துவேன். உங்க மகனுக்கும் சேத்தே ஏத்திருதேன்."

தங்கம் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க மாதா எம் புள்ளையப் பாப்பாளா?"

"அவங்களும் புள்ளையப் பெத்தவங்கதானக்கா!"

அந்த அம்மா சிரித்தார், அழுதார், நகர்ந்தார். செல்வம் திரும்பி வந்ததை ஸ்டெல்லா எப்படித் தெரிந்துகொள்வது? வேலை முடிந்து போகும்போது கேட் முன்னால் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிக்க வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

நான் சிமெண்டைக் குழைக்கப் போனேன். மேஸ்திரி கையைப் பிடித்தார். "பேசிகினே சிமெண்டைப் போட்டுறாத. சாமி மாடத்துக்கு மண்ணுதான். நாளைக்குத் தொறக்கறவனுக்குக் கை வலிக்கக் கூடாது." செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு, மண் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தோம்.

ஆபீசர் வந்தார். ஈரத் திட்டைப் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார். பானையைத் தட்டியதுபோல் கேட்டது. உள்ளே வெற்றிடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சுவர் இருக்கு. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் அடைத்ததைச் சாயங்காலமே ஸ்டெல்லாவுக்காகத் திறந்தோம். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே நல்லெண்ணெய் வாசனை அப்படியே இருந்தது.

மழை நாள்

அடுத்த ஐப்பசியில் மேல்தளம் ஒழுகுகிறது என்று அந்த வீட்டிலிருந்து கம்ப்ளைன்ட். போனேன். பகலே சாம்பல் நிறமாக இருந்தது. தெருவும் வேலியும் மழையில் கரைந்து, ஒரே வீடு திரும்பத் திரும்ப வருவதுபோலத் தோன்றியது.

முதல் ஷிப்டு முடிந்து பஸ்கள் திரும்பி வெகுநேரமாகிவிட்டது. ஸ்டெல்லாவின் கணவர் வந்து காபியும் குடித்துவிட்டார். மெழுகுவத்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"செல்வம் மணி அடிக்கலை. மைன்ஸ்ல தண்ணி எறங்குதாம்" என்றார் ஸ்டெல்லா. ஒன்று உருகி முடிய, அதன் சுடரிலேயே இன்னொன்றைப் பற்றவைத்தார். அவர் ஜெபமாலை உருட்டினார். நான் ஒழுகலுக்கு அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு, மனசுக்குள் கந்தனைக் கூப்பிட்டேன். ஒரே சுடரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கெட்டில் சொட்டுகிற சத்தம்தான் வீட்டில் கேட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரும்பு கேட் இரண்டு தரம் 'டங் டங்' என்றது. செல்வம் உடம்பெல்லாம் சேறாக நின்றான்.

"சைக்கிளு வெள்ளத்துல மாட்டிக்கிச்சுக்கா. மணி இல்ல. அதான் கேட்டைத் தட்டுனேன்."

"நேரா உள்ள வந்து சொல்றதுக்கென்னலே, மாடா!" என்று திட்டிக்கொண்டே மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

இப்போது

தங்கம் அம்மா காலமாகிவிட்டார். ஸ்டெல்லா ஊரோடு போய்விட்டார். அவர் காலி செய்தபோது அந்த மாடத்தை நான்தான் மண்ணால் அடைத்தேன். அதற்குப் பிறகு அங்கே யாரும் குடிவரவில்லை. போன வாரம் இடிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். கிழக்குச் சுவர் மட்டும் நின்றது. இடிக்கிற அதிர்வில் நான் பூசிய மண் உதிர்ந்து மாடம் தானாகவே திறந்திருந்தது. பின்புறம் எண்ணெய்க் கரி. விளிம்பில் கண்ணீர்போல வழிந்து உறைந்த மெழுகு. இரண்டின் மேலும் வெயில் விழுந்தது.

ஜேசிபி ஓட்டும் பையன், "பெரியவரே, தள்ளிக்கங்க" என்றான்.

அப்போது தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. தலை நரைத்த செல்வம். பர்மனென்ட் ஆகி, அவனுக்கே ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. யூனிபார்மில் இருந்தான், ஷிப்டு முடிந்து வருகிறான். கேட் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சுவரைப் பார்த்து ஹாரனை இரண்டு தரம் அடித்தான். பிறகு ஜேசிபிக்காரனிடம், "ஆவட்டும் தம்பி" என்றான்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எதை அடைத்தாலும், திறக்கப் போகிறவரை நினைத்து அடையுங்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் சாமிக்காக எதையும் மாற்றிவிடாதீர்கள். அகல் எரிந்த காலத்தில் அகல் என்றே சொல்லுங்கள், மெழுகுவத்தி எரிந்த காலத்தில் மெழுகுவத்தி என்றே சொல்லுங்கள். அந்தச் சுவர் இரண்டையும் அப்படியேதான் வைத்திருந்தது.