முதல் வெட்டு

சித்தப்பாவின் மண்வெட்டி எங்கள் கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் இரும்பு இலை முழுக்க உப்புத் துரு. "தூக்கிப் போடேன்" என்று என் வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். போட்டால் உங்களையும் சேர்த்துத்தான் போடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் அடைத்துவிடும். ஐப்பசி மழையில் அங்கிருக்கும் சதுப்பு நிரம்பி, வெள்ளம் எங்கள் வயல் வரைக்கும் ஏறும். அப்போது மணல்மேட்டை வெட்டித் திறந்துவிடுவார்கள். முதல் வெட்டை எங்கள் ஊரில் பயிர் வைத்திருக்கும் ஒருவர் வெட்ட வேண்டும், கடைசி வெட்டைக் கடற்கரை ஊர்க்காரர். ஒருவர் வராமல் மற்றவர் மண்ணைத் தொடக்கூடாது. முதல் வெட்டு சித்தப்பாவுடையது. கடைசி வெட்டு, அவர் மச்சான் என்று அழைத்த ஒரு முஸ்லிம் மீனவருடையது. "பயிர் முங்குனாத்தான் எங்க ஞாபகம் வருமோ மச்சான்?" என்று அவர் வம்பிழுப்பார். சித்தப்பா சிரித்தபடியே வேட்டியை மடித்துக் கட்டுவார்.

அந்தச் சதுப்பைப் பாதுகாக்கத் திட்டம் போட அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம். முகத்துவாரத்தை இருக்கிறபடியே விடலாம், எப்போது வெட்டுவது என்பதை மட்டும் இரண்டு ஊரும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்றார் பெரிய அதிகாரி. சித்தப்பா துள்ளி எழுந்தார். முந்தின வருஷம் கடல் தண்ணீர் ஏறி அவருடைய நாற்றெல்லாம் கருகியிருந்தது. "அதெல்லாம் வேணாம்யா. கல்லுல கரை கட்டுங்க. கடல் அங்கனயே கிடக்கட்டும், நாங்க இங்கன பொழைச்சுக்கிறோம்" என்றார். எங்கள் ஊரே கை தட்டியது. அந்த மீனவ மச்சான் மட்டும், "அப்ப இனிமே நமக்குள்ள சோலி இல்லையா மச்சான்?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

கரை வந்தது. வெள்ளத்தை வெளியே விட இரும்புக் கதவும் வைத்தார்கள். அடுத்தடுத்து மழை பொய்த்ததால், கதவு உப்புக் காற்றில் துருவேறி இறுகிப்போனதை யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒரு கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. எத்தனை பேர் தொங்கியும் கதவு அசையவில்லை. கதிர் விட்ட பயிர் தண்ணீருக்குள் அழுகத் தொடங்கியது. மண்வெட்டியை எடுத்த சித்தப்பாவின் கையைப் பிடித்துச் சித்தி கெஞ்சினார். "நான் கேட்டு வாங்குன கரை. நானே வெட்டிப்புட்டு வாரேன்" என்று உதறிவிட்டுப் போனார். மச்சானுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவார், பாவி மனுஷன்!

கல்கரை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் தனியாளாக வெட்டினார். உடைத்துக்கொண்ட வெள்ளம் அவரையும் இழுத்துப் போனது. படகில் தேடிய மச்சான்தான் அலையாத்தி மர வேர்களுக்குள் அவர் உடலைக் கண்டெடுத்தார். மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.

உடைப்பு வழியே கடல் தண்ணீர் வயலுக்கு ஏறிய பிறகு அந்த இடத்தைக் கல் வைத்து அடைத்தார்கள். உப்பு உள்ளேயே தங்கி, வயலெல்லாம் இப்போது கருவேலங்காடு. ஊர்ப் பிள்ளைகள் திருப்பூரில் வேலைக்கு இருக்கிறார்கள். கரையை எடுத்துவிட்டு முகத்துவாரத்தைப் பழையபடி விட இப்போது புதிதாக ஒரு திட்டமாம். போன வாரம் மச்சான் தடி ஊன்றிக்கொண்டு வந்தார்.

"தொறக்கப் போறாக தாயி. முதல் வெட்டுக்கு உங்க ஊருல யாரு வாரீக?"

பயிர் வைத்திருப்பவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. மண்வெட்டியை எடுத்து அவரிடமே நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"என்னோடது கடைசி வெட்டுத்தானே தாயி" என்றார்.

மறுபடி அதைச் சுவரிலேயே சாய்த்து வைத்தேன்.