பூட்டாத கடை

புயல் எச்சரிக்கை வந்த அன்று, புதுச்சேரியில் எங்கள் பக்கத்துக் கடைகளில் மெழுகுவர்த்தி கூடத் தீர்ந்துவிட்டது. அதனால் புயலுக்கான சாமான்களை வாங்க, கடலை ஒட்டியிருக்கும் பிள்ளைச்சாவடிக்கே ஸ்கூட்டரில் போனேன். அதிலிருந்த வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அங்கிருந்த மளிகைக் கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். சட்டை போடாத மார்பில் ஜெபமாலை. மூக்குக்கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. எதைப் பார்க்கவும் அவர் அதைக் கீழே இறக்கவில்லை. யார் வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்டார்.

“வூட்ல எத்தினி பேரு?”

“மூணு பேர்” என்று சொல்லிவிட்டு, இருபது மெழுகுவர்த்தி, பத்து பாக்கெட் பிஸ்கட், பேட்டரி என்று அடுக்கினேன்.

“மூணு பேருக்கா? புயலா சார், கல்யாணமா?” என்றார். ஆனாலும் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. “புயல் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“ஊரோட ஸ்கூலுக்குப் போயிடுவோம். கடைய மட்டும் பூட்ட மாட்டேன்.”

“திருடிட மாட்டாங்களா?”

“பூட்டினா கதவ ஒடச்சில்ல எடுக்கணும்? பசிக்குதுன்னு வரவன் எடுத்துக்கினு போவட்டும். கதவாவது மிஞ்சும்.”

அவர் சிரிக்கவில்லை. அது தாராளமா, சாமர்த்தியமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் புயலில் மின்சாரம் போனது. மாடிவீட்டு அம்மா ஒரு மெழுகுவர்த்தி கேட்டு வந்தார். “எங்ககிட்டயே ரெண்டுதான் இருக்கு” என்றேன். அவர் படியேறிப் போனதும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டேன். அலமாரியில் பத்தொன்பது இருந்தன.